நகருக்கு முகம் தந்தவர்

செருமனியின் தலைநகரான பெர்லின் நகரின் நடுவே ஸ்ப்ரீ ஆறு இரண்டாகப் பிரிந்து, சிறிது தொலைவு சென்று மீண்டும் ஒன்றுகூடுகிறது. அவ்விரு கிளைகளுக்கும் இடைப்பட்ட தீவின் வடபகுதியில் இன்று ஐந்து பெரும் அருங்காட்சியகங்கள் நிற்கின்றன. 1999ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அவ்விடம் காண்பதற்கு இனியதாக இருக்கவில்லை. அரண்மனையின் எதிரே படைவீரர் அணிவகுக்கும் மைதானம் ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் ஒரு கால்வாய், சுங்கச் சாவடி, சரக்குக் கிடங்குகள், சேறு. அரண்மனைக்கு அருகிலேயே கிடந்தும் நகரத்தார் எவரும் விரும்பிச் செல்லாத அந்தப் பகுதியை மக்கள் கூடும் கலைக்களமாக மாற்றும் பணியைத் தொடங்கிவைத்தவர் கார்ல் ஃப்ரீட்ரிக் ஷிங்கெல் என்னும் கட்டடக் கலைஞர்.

தீயும் இளமையும்

ஷிங்கெல் 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பெர்லினுக்கு வடமேற்கே உள்ள நோயிருப்பின் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தை அவ்வூர்த் திருச்சபையின் மேற்பார்வையாளர். ஷிங்கெலுக்கு ஆறு வயது நடந்தபோது, 1787இல் அவ்வூரில் மூண்ட பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. தீயணைக்கும் பணியில் ஈடுபட்ட தந்தை அதனால் நோயுற்று உயிர்நீத்தார். ஒரே நிகழ்வில் வீடும் ஊரும் தந்தையும் பறிபோயின. எரிந்த ஊர் பின்னர்ப் புதிதாகத் திட்டமிடப்பட்டு, நேரான அகன்ற தெருக்களும் விரிந்த சதுக்கங்களும் கொண்டதாக எழுந்தது. அந்தக் கட்டுமானப் பணிகளுக்கு நடுவில்தான் அச்சிறுவன் வளர்ந்தான். ஓர் ஊர் அழிவதையும் அது மறுபடி எழுவதையும் பத்து வயதுக்குள் கண்டுவிட்ட குழந்தைகள் மிகச் சிலரே.

1794இல் தாய் தம் மக்களுடன் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். சமயப் பணியாளர்களின் கைம்பெண்களுக்கென அமைந்த இல்லத்தில் அக்குடும்பம் வாழ்ந்தது. பள்ளிப் படிப்பில் ஷிங்கெல் சிறந்து விளங்கவில்லை; அவருடைய நாட்டம் முழுவதும் ஓவியத்திலும் இசையிலும் இருந்தது. 1797இல் ஒரு கண்காட்சிக்குச் சென்றார். மாமன்னர் ஃப்ரீட்ரிக்கின் நினைவாக எழுப்பக் கருதப்பட்ட மண்டபத்திற்கு ஃப்ரீட்ரிக் கில்லி என்னும் இளங்கலைஞர் தீட்டிய வரைபடம் அங்கு வைக்கப்பட்டிருந்தது. கட்டப்படாமலேயே போன அந்த மண்டபத்தின் படம் பதினாறு வயது மாணவனின் வாழ்க்கைத் திசையை மாற்றிவிட்டது. அடுத்த ஆண்டே பள்ளியை விடுத்து, கில்லியிடமும் அவர் தந்தை டேவிட் கில்லியிடமும் மாணவராகச் சேர்ந்தார். 1799இல் பெர்லினில் தொடங்கப்பெற்ற கட்டடக்கலைக் கழகத்தின் முதல் மாணவர்களுள் அவரும் ஒருவர்.

ஆசிரியரும் மாணவரும் உடன்பிறந்தாரைப் போலப் பழகினர். அந்த உறவு நீடிக்கவில்லை. 1800ஆம் ஆண்டு இளைய கில்லி காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு அகவை 28. அதே ஆண்டில் ஷிங்கெலின் தாயும் மறைந்தார். ஆசிரியர் விட்டுச்சென்ற கட்டடப் பணிகளை முடித்துத் தரும் பொறுப்பு பத்தொன்பது வயது இளைஞரின் தோளில் விழுந்தது.

கட்ட இயலாத காலம்

1803இல் தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டார். உரோம், நேப்பிள்ஸ், சிசிலி என்று சுற்றி, எட்னா எரிமலையின் உச்சிவரை ஏறி, பாரீசு வழியாக 1805இல் ஊர் திரும்பினார். பண்டைய கோயில்களை அளந்து எழுதும் வழக்கமான பயணமாக அது இருக்கவில்லை. கட்டடங்கள் மலைச்சரிவிலும் கடற்கரையிலும் எவ்வாறு பொருந்தி நிற்கின்றன, ஒரு தெருவில் நடந்துவரும் மனிதனின் கண்ணுக்கு அவை எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன என்பனவற்றையே அவர் மிகுதியாக வரைந்துகொண்டார். அவர் பின்னாளில் பெர்லினில் செய்தவை அனைத்திற்கும் வித்து இதில் உள்ளது.

கற்று முடித்துத் திரும்பிய கலைஞருக்குக் கட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1806இல் நெப்போலியனின் படை பிரசியாவைத் தோற்கடித்துப் பெர்லினுக்குள் நுழைந்தது. பிராண்டன்பர்க் வாயிலின் உச்சியில் இருந்த நான்கு குதிரைத் தேர்ச் சிற்பத்தைப் பாரீசுக்குக் கொண்டுசென்றது. கலைச்செல்வங்கள் பலவும் அவ்வாறே போயின. கருவூலம் வெறுமையானது, கட்டுமானம் நின்றது.

ஷிங்கெல் தூரிகையை எடுத்தார். பலெர்மோ நகரின் காட்சியைப் பார்வையாளரைச் சுற்றிலும் சூழ்ந்து நிற்கும் வட்ட ஓவியமாகத் தீட்டி 1808இல் காட்சிக்கு வைத்தார். ஒளியமைப்போடும் இசையோடும் கூடிய பெரிய காட்சித் திரைகளையும் உருவாக்கினார். தோல்வியால் சோர்ந்திருந்த நகர மக்கள் கட்டணம் கொடுத்து அவற்றைக் காண வந்தனர். அரசி லூயிசாவும் வந்து கண்டார். இது வயிற்றுப்பாட்டிற்கான தொழில் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. பொதுமக்கள் ஒரு கலைப்படைப்பின் முன் எவ்வாறு நிற்கிறார்கள், எதைக் கண்டு வியக்கிறார்கள் என்பதை அரண்மனைக் கட்டடக் கலைஞர்கள் அறிய வாய்ப்பில்லை, இவர் அறிந்தார். பின்னர் நாடக மேடைகளுக்கும் திரைக்காட்சிகள் அமைத்தார். மோட்சார்ட்டின் மாயப் புல்லாங்குழல் என்னும் இசை நாடகத்திற்கு 1816இல் அவர் படைத்த விண்மீன் வானம் இன்றும் அரங்கக் கலைஞர்களால் போற்றப்படுகிறது.

1810இல், அறிஞர் வில்லெம் ஃபான் ஹும்போல்ட்டின் பரிந்துரையால் அரசின் கட்டுமான மேற்பார்வைத் துறையில் ஷிங்கெலுக்குப் பணி கிடைத்தது. நாட்டின் பொதுக் கட்டடங்களுக்கான திட்டங்களை ஆராய்ந்து ஒப்புதல் தருவது அத்துறையின் வேலை. படிப்படியாக உயர்ந்து, 1830இல் அதன் தலைவரானார். நெப்போலியனை எதிர்த்த போரில் வீரம் காட்டியோர்க்கென 1813இல் ஏற்படுத்தப்பட்ட இரும்புச் சிலுவை விருதின் வடிவத்தை உருவாக்கியவரும் அவரே.

1815இல் அத்துறை அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தது. நாட்டிலுள்ள பழங்கட்டடங்கள் கவனிப்பாரின்றி அழிந்து வருகின்றன, அவற்றைப் பட்டியலிட்டுக் காக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்பது அதன் சாரம். அதை எழுதியவர் ஷிங்கெல். புதியன கட்டுவதில் பெருவிருப்புடைய ஒருவரே பழையன காக்கவும் குரல் கொடுத்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காவல் மனையும் நாடக அரங்கும்

போர் முடிந்ததும் 1816இல் முதல் பெரிய பணி வந்தது. உன்டர் டென் லிண்டன் என்னும் புகழ்பெற்ற மரச்சாலையில் மன்னரின் இல்லத்திற்கு எதிரே ஒரு காவல் மனை கட்டவேண்டும். பக்கத்தில் பெரிய படைக்கலக் கொட்டில், மறுபக்கம் பல்கலைக்கழகம். அவற்றோடு உயரத்தில் போட்டியிட முயலாமல், முன்புறம் தூண்களும் மற்றப் பக்கங்களில் தடித்த சுவர்களும் கொண்ட சிறிய, திண்ணிய கட்டடத்தை 1818இல் கட்டி முடித்தார். சிறியதாக இருந்தும் அது தெருவைத் தன்வசப்படுத்திக்கொண்டது. பின்னாளில் அக்கட்டடம் போரிலும் கொடுங்கோன்மையிலும் மாண்டோரின் நினைவிடமாயிற்று.

1817ஆம் ஆண்டு சூலையில் நகரின் தேசிய நாடக அரங்கு தீயில் எரிந்தது. அந்தத் தீயில் ஷிங்கெல் தீட்டியிருந்த மேடைத் திரைகளும் சாம்பலாயின. புதிய அரங்கைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தபோது கடுமையான நிபந்தனைகளும் உடன்வந்தன: பழைய அடித்தளத்தையும், எரியாமல் எஞ்சிய சுவர்களையும், முகப்புத் தூண்களையும் மீண்டும் பயன்படுத்த வேண்டும், செலவு மிகக்கூடாது, நாடக அரங்கோடு இசை மண்டபமும் அதனுள் அமைய வேண்டும். சதுக்கத்தின் இருபுறமும் உயர்ந்த குவிமாடங்களோடு இரு தேவாலயங்கள் வேறு நின்றன. இத்தனை கட்டுகளுக்கும் உட்பட்டு, பழைய தூண்களையே படிக்கட்டின் உச்சியில் கம்பீரமான முகமண்டபமாக நிறுத்தி, நடுப்பகுதியை உயர்த்தி, மூன்று கட்டடங்களும் ஒன்றையொன்று நோக்கி உரையாடுவது போன்ற சதுக்கத்தை உருவாக்கினார். 1821இல் அரங்கு திறக்கப்பட்டது. சில வாரங்களில் வெபரின் இசை நாடகமொன்று அங்கு அரங்கேறிப் பெரும்புகழ் பெற்றது. தீயில் தந்தையை இழந்த மனிதர், தீ தின்ற இடத்தில் எழுப்பிய கட்டடம் அது.

அருங்காட்சியகம்

பொதுமக்கள் காண்பதற்கென ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற கோரிக்கையைத் தொல்லியல் அறிஞர் அலோய்ஸ் ஹிர்ட் 1797இலேயே முன்வைத்திருந்தார். நெப்போலியன் வீழ்ந்தபின் பாரீசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கலைப்பொருள்கள் திரும்பிவந்தன. அவை மீண்டும் அரண்மனை அறைகளுக்குள் சென்று மறைவதா, மக்கள் கண்முன் நிற்பதா என்னும் கேள்வி எழுந்தது. மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்லியம் சிக்கனத்தில் நாட்டம் உடையவர். கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தை விரிவாக்கி அதிலேயே காட்சிக்கு வைக்கலாம் என்று முடிவாயிற்று. அக்கட்டடத்தில் அரசுக் குதிரை லாயமும் இருந்தது. கீழே குதிரைகளும் மேலே கிரேக்கச் சிற்பங்களும் என்ற நிலை எவருக்கும் பெரிதாக உறுத்தவில்லை போலும்.

அந்த விரிவாக்கத்திற்கு வரைபடம் தயாரிக்கும் பணி ஷிங்கெலுடையது. அவர் சொன்னதைச் செய்யாமல் வேறொன்றைச் செய்தார். 1823இன் தொடக்கத்தில், எவரும் கேளாத ஒரு புதிய திட்டத்தை மன்னரிடம் அளித்தார். அரண்மனைக்கு நேர் எதிரே, அணிவகுப்பு மைதானத்தின் வடக்கு ஓரத்தில், கால்வாயைத் தூர்த்து அதன்மேல் தனி அருங்காட்சியகம் எழுப்பலாம் என்பது அத்திட்டம். கலைவாதத்தை மட்டும் சொல்லியிருந்தால் அது மேசையிலேயே கிடந்திருக்கும். தூர்க்கப்படும் கால்வாய்க்கு ஈடாகத் தீவின் மறுபக்கக் கால்வாய் அகலப்படுத்தப்படும், படகுப் போக்குவரத்து எளிதாகும், சிதறிக்கிடக்கும் சுங்கக் கிடங்குகள் ஒழுங்கான புதிய இடத்திற்கு மாறும் என்று ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் காட்டினார். நகரத்தின் அழகையும் வணிகத்தையும் ஒரே வரைபடத்தில் இணைத்தார். மன்னர் இசைந்தார்.

எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. அருங்காட்சியகத்திற்காக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த ஹிர்ட்டே அதை எதிர்த்தார். நீண்ட தூண் வரிசையும் நடுவில் உள்ள வட்டக் கூடமும் வீண் ஆடம்பரம், அருங்காட்சியகம் அறிஞரும் மாணவரும் பயில்வதற்கான இடமாக இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. ஷிங்கெலும், பின்னர் ஓவியக் காட்சியகத்தின் முதல் இயக்குநரான வாகனும் முதலில் மகிழ்ச்சி, பிறகு கல்வி என்றனர். உள்ளே நுழையும் சாதாரண மனிதன் தன் அன்றாடக் கவலைகளை வாயிலில் இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். மனம் விரிந்தபின்தான் கண் கற்கும் என்பது அவர்கள் வாதம். ஹிர்ட்டின் கருத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. இடமும் பணமும் குறைந்த நாட்டில் பயனற்ற கூடம் ஏன் என்று கேட்பது முறையானதே. ஆனால், வட்ட ஓவியத்தின் முன் நின்ற மக்களின் முகங்களை ஷிங்கெல் பார்த்திருந்தார்; ஹிர்ட் பார்த்திருந்தது சிற்பங்களை.

கட்டுமானத்திற்கு நிலம் எளிதில் இணங்கவில்லை. ஆற்றின் சேற்று மண்ணில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்களை இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தனர். ஈரமும் வெள்ளமும் கலைப்பொருள்களைத் தீண்டாதிருக்க முழுக் கட்டடமும் உயர்ந்த பீடத்தின்மேல் எழுப்பப்பட்டது. முன்புறத்தில் 18 அயோனியத் தூண்கள் ஒரே நேர்வரிசையில் நின்றன. உள்ளே, உரோம் நகரின் பாந்தியனை நினைவூட்டும் வட்டக் கூடம். அதன் குவிமாடத்தை வெளியே தெரியாதவாறு சதுரச் சுவர்களால் மறைத்தார். அருகிலிருந்த தேவாலயத்தின் குவிமாடத்தோடு அது முரண்படலாகாது என்பது அவர் எண்ணம்.

படிக்கட்டின் அமைப்பே அக்கட்டடத்தின் உயிர்நிலை. தூண்களுக்குப் பின்னால் மேல்தளத்திற்குச் செல்லும் படிகளைச் சுவர்களுக்குள் அடைக்காமல் திறந்தே விட்டார். மேலே ஏறிய ஒருவர் திரும்பிப் பார்த்தால் தூண்களின் இடைவெளிகளில் நகரம் தெரியும்: எதிரே அரண்மனை, ஒருபுறம் தேவாலயம், மறுபுறம் ஆற்றுக்கு அப்பால் படைக்கலக் கொட்டில். அரசு, சமயம், படை ஆகிய மூன்றும் ஏற்கெனவே அத்திடலைச் சூழ்ந்து நின்றன. நான்காம் பக்கம் வெறுமையாக இருந்தது. அவ்விடத்தில், மற்ற மூன்றிற்கும் இணையான தகுதியோடு, மக்களுக்கான கலைமனை வந்து நின்றது. முடியாட்சி நாடொன்றில் இது சிறிய செயலன்று. மன்னரின் மாளிகையை மன்னரின் இடத்திற்குச் சமமான உயரத்தில் நின்று ஒரு தச்சரோ தையற்காரரோ பார்க்க முடிந்தது.

1830 ஆகத்து 3ஆம் நாள், மன்னரின் பிறந்தநாளில், அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. திடலும் புல்வெளியோடு கூடிய பூங்காவாயிற்று. வட்டக் கூடத்தின் நடுவே வைப்பதற்கென ஒரே கல்லில் கிண்ணம் ஒன்று செதுக்கச் செய்திருந்தனர். கல் மிகப் பெரியதாகக் கிடைத்ததால் ஏறத்தாழ 7 மீட்டர் அகலத்தில் கிண்ணம் அமைந்துவிட்டது; கூடத்திற்குள் அதற்கு இடம் போதவில்லை. எனவே அது வாயிலின் முன்னே வைக்கப்பட்டது. அதன் பளபளப்பில் தம் முகம் தலைகீழாகத் தெரிவதைக் காண மக்கள் கூடினர். திட்டமிட்டதைவிடத் தவறியது நன்றாக அமைந்துவிடுவதும் உண்டு.

செங்கல்லில் ஒரு புதுமை

அருங்காட்சியகம் எழுந்துகொண்டிருந்தபோதே மரச்சாலையையும் தீவையும் இணைக்கும் பழைய மரப்பாலத்திற்கு மாற்றாக அகன்ற கற்பாலம் ஒன்றை அமைத்திருந்தார். அதன் சிலைகள் அவர் மறைவுக்குப் பின்னரே நிறுவப்பட்டன. ஆற்றின் மேற்குக் கரையில் செங்கல் தேவாலயம் ஒன்றும் உருவாயிற்று. 1826இல் நண்பர் போய்ட்டுடன் பிரான்சு வழியாக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் அருங்காட்சியகங்களைப் பார்ப்பது பயணத்தின் நோக்கம்; ஆனால் மான்செஸ்டரின் நெசவாலைகளே அவரை உலுக்கின. இரும்புச் சட்டகங்களும் தீப்பிடிக்காத தளங்களும் கொண்ட அவ்வாலைகளை வியந்து வரைந்தார். அதே வேளையில், கலையுணர்வு சிறிதுமின்றி எழுந்த அந்தச் செங்கல் மலைகளும் புகையும் வறுமையும் அவருக்கு அச்சத்தையே தந்தன.

அந்த வியப்பும் அச்சமும் சேர்ந்து 1832 முதல் 1836 வரை கட்டப்பட்ட கட்டடக்கலைக் கழகத்தில் வெளிப்பட்டன. தூண்களோ முகமண்டபமோ இல்லாத சதுரமான செந்நிறக் கட்டடம் அது. ஆலைகளைப்போலச் செங்கல் தூண்களும் வளைவுக் கூரைகளும் அதைத் தாங்கின. சன்னல்களையும் கதவுகளையும் சுற்றிக் கட்டடக்கலையின் வரலாற்றைச் சொல்லும் சுடுமண் சிற்பப் பலகைகள் பதிக்கப்பட்டன. தரைத்தளத்தில் கடைகள், முதல் தளத்தில் கழகம், அதன்மேல் அரசுத் துறை அலுவலகமும் ஷிங்கெலின் குடியிருப்பும் அமைந்தன. கடைக்கு வருபவரும் மாணவரும் அலுவலரும் புழங்கும் அக்கட்டடத்திலேயே அவர் வாழ்ந்தார்.

நகருக்கென அவர் எண்ணியவை எல்லாம் நிறைவேறிவிடவில்லை. மரச்சாலையில் ஒரு பெரிய வணிக மாளிகையும், கழகத்தையொத்த செங்கல் நூலகமும் வரைபடங்களாகவே நின்றுவிட்டன. ஏதென்சு நகரின் அக்ரோபோலிசு குன்றின்மேல் கிரேக்க மன்னருக்கென வரைந்த அரண்மனையும் அவ்வாறே. பழம்பெரும் இடிபாடுகளின் நடுவே புதிய அரண்மனை எழாமல் போனது நன்றே என்று இன்று பலரும் கருதுவர்.

மறைவும் பின்பும்

அலுவல் சுமை அவர் உடலை மெல்லத் தின்றது. பகலில் துறைப் பணி, இரவில் வரைபடங்கள். நாட்டின் மூலை முடுக்கிலுள்ள சிற்றூர்த் தேவாலயத்தின் திட்டம்கூட அவர் பார்வைக்கு வந்தே திரும்பியது. 1840 செப்டம்பரில் பக்கவாதம் தாக்கியது. கடைசி ஓராண்டைப் படுக்கையில் கழித்து, 1841 அக்டோபர் 9ஆம் நாள், தாம் கட்டிய கழகக் கட்டடத்திலேயே உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற வரைபடங்களை அரசு வாங்கி, அவர் வாழ்ந்த அறைகளிலேயே காட்சிக்கு வைத்தது.

அவர் மறைந்த ஆண்டிலேயே புதிய மன்னர், தீவின் வடபகுதி முழுவதையும் கலைக்கும் அறிவுக்கும் உரிய இடமாக்க ஆணையிட்டார். ஷிங்கெலின் மாணவர் ஸ்ட்யூலர் இரண்டாம் அருங்காட்சியகத்தை எழுப்பினார். மேலும் மூன்று அருங்காட்சியகங்கள் தொடர்ந்தன. இறுதியானது 1930இல் திறக்கப்பட்டது. ஷிங்கெல் ஒழுங்குபடுத்தி அமைத்த சுங்கக் கிடங்குகள் அவர் தொடங்கிவைத்த கலைத்தீவிற்கே வழிவிட்டு மறைந்தன.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அருங்காட்சியகம் எரிந்து கூடாயிற்று. நாடக அரங்கும் சிதைந்தது. அருங்காட்சியகத்தை 1966க்குள் சீரமைத்தனர். அரங்கு 1984இல் இசை மண்டபமாகத் திறக்கப்பட்டது. கழகக் கட்டடத்திற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. போரில் சேதமுற்று, பாதி சீரமைக்கப்பட்ட நிலையில் இருந்த அதனை 1962இல் இடித்து, அவ்விடத்தில் அரசு அலுவலகம் ஒன்றை எழுப்பினர். செருமனி ஒன்றுபட்டபின் அந்த அலுவலகமும் இடிக்கப்பட்டது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், கொத்து வேலை பயிலும் இளைஞர்கள், ஷிங்கெலின் வரைபடங்களையும் எஞ்சிய சுடுமண் பலகைகளையும் பார்த்து, அந்தக் காலி மனையில் கழகத்தின் ஒரு மூலையை மட்டும் செங்கல் செங்கல்லாக மீண்டும் கட்டி நிறுத்தினர்.